முப்பத்தேழு புள்ளி ஆறு

அத்தியாயம் 5

"அக்கா, இந்த நூத்தி நாப்பது பக்கத்தையும் படிச்சு முடிச்சா எனக்கு ஏதாச்சும் டிகிரி குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க. முப்பத்தேழு புள்ளி ஆறு டிகிரி" என்றாள் அன்புக்கரசி, தலை நிமிராமல்.

சௌகத் அலி டீ டம்ளரைக் கீழே வைத்தான். அக்கா இப்படிப் பதில் சொன்னால் எதையோ பிடித்துவிட்டாள் என்று அர்த்தம். எட்டு வருடமாக அவளுக்கு உதவியாளன், வண்டி ஓட்டுபவன், அவனே சொல்லிக்கொள்வதுபோல அந்த அலுவலகத்தின் ஒரே பொழுதுபோக்கு. அதற்கு முன் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். அன்புக்கரசி இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவள். எரிந்த குடோன், கவிழ்ந்த லாரி என்று எதைப் பார்த்தாலும் முதலில் அதில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடிப் பழகிய கண். இப்போது திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மருந்துக்கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள்.

மேசையில் குவிந்திருந்த தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தவன் மதியழகன். கலெக்டர் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். அவன் மனைவி சத்யபிரியா ஒரு கட்டுமானக் கம்பெனியில் பொறியாளர். குஜிலியம்பாறை சாலையில் அவள் பொறுப்பில் எழும்பிக்கொண்டிருந்த விடுதிக் கட்டடத்தின் மூன்றாவது மாடித் தளம், மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு இடிந்து விழுந்தது. கான்கிரீட் போட்ட ஆறாம் நாள் அது. தளத்தைத் தாங்கி நின்ற சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அடியில் முட்டுகளைக் கழற்றிய வீரன் என்ற தொழிலாளி அங்கேயே இறந்தான். இன்னும் இரண்டு பேருக்குக் கால் போயிற்று. சத்யபிரியாவைக் கைது செய்தார்கள். இருபது நாள் கழித்து ஜாமீன். தினமும் காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்து. வெளியே வந்த நாளிலிருந்து அவள் வாய் திறந்து பேசவே இல்லை.

"கம்பெனிதான் கம்ப்யூட்டர்ல நம்பர மாத்திருக்கு. எம் பொண்டாட்டி மேல பழியப் போட்டுட்டாங்க" என்பது மதியழகனின் கட்சி. அதை நிரூபித்துத் தரவேண்டும் என்றுதான் வந்தான்.

விவகாரத்தின் நடுவில் இருந்தது தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. முன்பெல்லாம் கான்கிரீட் போட்டால் பதினான்கு நாள், இருபத்தொரு நாள் என்று காத்திருந்துதான் சென்ட்ரிங் பிரிப்பார்கள். இப்போது அந்தக் கருவியைக் கம்பியோடு கட்டி கான்கிரீட்டுக்குள் புதைத்துவிடுகிறார்கள். உள்ளே எவ்வளவு சூடு என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். சூட்டை வைத்து, தளம் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று செல்போனில் இருக்கும் ஆப் கணக்குப் போடும். எழுபத்தைந்து சதவீதம் பலம் வந்துவிட்டால் பச்சை விழும், பிரிக்கலாம். ஒரு மாடிக்கு எட்டு நாள் மிச்சம். இந்த ஏற்பாட்டைக் கம்பெனிக்குள் கொண்டுவரச் சொல்லி இரண்டு வருடம் மல்லுக்கு நின்றவளே சத்யபிரியாதான். அந்த ஆப்பின் சூட்டுக் கணக்குகள்தான் மேசையில் கிடந்த தாள்கள்.

"இங்க வா" என்று இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள் அன்புக்கரசி. "இது ரெண்டாவது மாடி. போட்ட அன்னைக்குச் சூடு ஏறுது. அப்புறம் எறங்குது. பகல்ல ஏறுது, ராத்திரி எறங்குது. எப்படி இருக்கு?"

"சிறுமலைக்குப் போற ரோடு மாதிரி இருக்கு. பாத்தாலே வாந்தி வருது."

"இது இடிஞ்சு விழுந்த மூணாவது மாடி."

சௌகத் குனிந்து பார்த்தான். அடிக்குச்சி வைத்து இழுத்ததுபோல ஒரே கோடு. முப்பத்தேழு புள்ளி ஆறு. பகலும் அதுவே, இரவும் அதுவே.

"இது நாலு வழிச் சாலைக்கா. டோல்கேட் மட்டுந்தான் இல்ல."

"இருக்கு. ரெண்டு." அவள் பேனா முனை இரண்டு இடங்களைத் தொட்டது. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கோடு சட்டென்று முப்பத்தைந்துக்கு இறங்கி, அரை மணி நேரத்தில் பழைய இடத்துக்கு ஏறியிருந்தது. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கும் அதே இறக்கம், அதே ஏற்றம்.

"அந்த வாரம் ரெண்டு நாள் சாரல் வேற. வெட்டவெளியில கெடக்குற தளம் மார்கழிக் குளிர்ல ஒரே சூட்டுல நிக்குமா?"

"அப்ப மதியழகன் சொன்னது சரிதான். நம்பர மாத்திட்டாங்க."

"பொய் எழுதுறவன் கொஞ்சம் ஏத்தி எறக்கி, உண்மை மாதிரி எழுதுவான் அப்பு. இம்புட்டு அசிங்கமா எவனும் எழுத மாட்டான். இந்தச் சூடு நெசம். எடந்தான் பொய்."

சௌகத் நிமிர்ந்தான்.

"கருவி தளத்துக்குள்ள இல்ல. வேற எங்கயோ இருந்துருக்கு. காய்ச்சலும் வராம குளிரும் அடிக்காம, ஆறு நாளும் முப்பத்தேழு புள்ளி ஆறுலயே இருக்குற எடம். எது?"

"மனுச ஒடம்பு முப்பத்தேழு. யாராச்சும் முழுங்கிட்டாங்களோ?"

"கிட்ட வந்துட்ட. முழுங்கல, அடைகாத்துருக்காங்க."

ஒரு நொடி கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது. முட்டை பொரிக்கும் இன்குபேட்டர்! செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்து குஞ்சுகளை வெளியே எடுத்திருக்கிறார்கள். சூடு இறங்கியிருக்கிறது. கதவைச் சாத்தியதும் ஏறியிருக்கிறது.

"அக்கா, இத ஸ்டேஷன்ல போயிச் சொன்னா நம்மள ஆம்லெட் போட்டுருவாங்க."

"அதுக்குத்தான் கருவி கையில வேணும். கெளம்பு."

*

கம்பெனியின் திட்ட மேலாளர் அருள்நாதன் வாசல் வரை வந்து அவர்களை வரவேற்றார். சௌகத் அன்புக்கரசியைத் திரும்பிப் பார்த்தான். துப்பறிகிறவர்களை யாரும் வாசலுக்கு வந்து வரவேற்பதில்லை.

இடிந்த கட்டடத்தைத் தகரம் வைத்து மறைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டடத்தில் வேலை மும்முரமாக நடந்தது. குளிரூட்டிய அலுவலக அறையின் சுவரில் பெரிய திரை. கம்பெனி கட்டும் பதினொரு கட்டடங்களும் அதில் வரிசையாகத் தெரிந்தன. எல்லாம் பச்சை.

"கொஞ்சங்கூட ஒளிவு மறைவு கிடையாது மேடம்" என்றார் அருள்நாதன். "எங்களுக்கும் உண்மை தெரியணும். விழுந்த கான்கிரீட்ட முழுக்க ஒடச்சுப் பாத்துட்டோம். நசுங்கிப்போன பழைய கருவி ஒண்ணு கெடச்சுது. அது முதல் நாளே செத்துப்போனது. ஆறு நாளும் நம்பர் அனுப்பினது வேற ஒரு கருவி. அது கெடைக்கவே இல்ல."

"இன்னும் வேலை செய்யுமா?"

"பேட்டரி நாலு மாசம் ஓடும். முப்பது அடிக்குள்ள போனா ஆப் கூப்பிட்டுச் சொல்லும். நீங்க தேடுறதா இருந்தா நானே ஆப் குடுக்குறேன். சார், உங்க போன் குடுங்க."

சௌகத் போனை நீட்டினான். ஆப் இறங்கியது. அதைத் திறந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக ஏதேதோ அனுமதி கேட்டது. அவன் சரி, சரி என்று தட்டிக்கொண்டே போனான்.

"என் நிக்காஹ்ல கூட மூணு தடவதான் சம்மதம் கேட்டாங்க. இது ஏழு தடவ கேக்குது."

அருள்நாதன் வாய்விட்டுச் சிரித்தார்.

வெளியே வந்ததும் சென்ட்ரிங் மேஸ்திரி மூக்கையாவைப் பிடித்தார்கள். இறந்துபோன வீரன் அவருடைய ஆள். ஐம்பது வயதிருக்கும். கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது.

"வீரன் அவசரப்பட்டுட்டான்மா. நடுவுல நிக்கிற முட்ட மொதல்ல புடுங்கிட்டான். அவஞ் செஞ்ச தப்பு."

"ஆறாம் நாளே பிரிக்கச் சொன்னது யாரு?"

"எனக்கு வேற ஒண்ணுந் தெரியாதும்மா. ஆள விடுங்க." சட்டைப் பையில் இருந்த செல்போனைக் கையால் பொத்திக்கொண்டு, பக்கத்துக் கட்டடத்தின் படியேறிப் போய்விட்டார்.

வண்டியில் உட்கார்ந்ததும் சௌகத் கேட்டான். "ஏங்க்கா, அந்த மேனேஜர் இம்புட்டு லேசா ஏன் குடுத்தாரு?"

"எனக்கும் அதான் இடிக்குது" என்றாள் அன்புக்கரசி. ஆனால் நாளை மறுநாள் நீதிமன்றத்தில் வாய்தா. கையில் சூடாக ஒரு தடயம். அவள் மேற்கொண்டு யோசிக்கவில்லை. அவனும் யோசிக்கவில்லை.

*

கோழித்தீவனக் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "செவ்வாயும் வெள்ளியும் குஞ்சு எறக்குறதா? நம்ம தீபாதான். இதே ரோட்டுல ஏழு கிலோமீட்டர். வேப்ப மரத்தடியில நீலத் தகரம் போட்ட ஹேச்சரி."

அந்த நீலத் தகரக் கொட்டகைக்குள் நுழைந்தபோது சௌகத்தின் முகத்தில் வெதுவெதுப்பான காற்று அடித்தது. ஆள் உயரத்துக்கு மூன்று இன்குபேட்டர்கள். கண்ணாடிக்குப் பின்னால் தட்டுத் தட்டாக முட்டைகள். எங்கோ ஓர் அட்டைப்பெட்டிக்குள் கீச்சுக் கீச்சென்று இரைச்சல்.

மூன்றாவது இன்குபேட்டரை நெருங்கியதும் அவன் கையிலிருந்த போன் துள்ளியது.

திரையில் பச்சையாக எழுத்து விழுந்தது. 'மூன்றாவது மாடித் தளம். பலம் நூறு சதவீதம். சென்ட்ரிங் பிரிக்கலாம்.'

சௌகத் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு மாதத்துக்கு முன்பே இடிந்து, உடைத்து, லாரியில் அள்ளிப்போன தளம். இந்த ஆப்புக்குள் அது இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. நாளுக்கு நாள் கெட்டிப்பட்டுக்கொண்டிருக்கிறது. போனை அன்புக்கரசியிடம் திருப்பிக் காட்டினான்.

"என்னங்க, குஞ்சு வேணுமா?" என்று உள்ளேயிருந்து வந்தாள் ஹேச்சரிக்காரி தீபா. முப்பது வயது, நைட்டிக்கு மேல் துண்டு, கையில் முட்டைத் தட்டு.

அன்புக்கரசி இன்குபேட்டரின் மேல் மூலையைக் காட்டினாள். தட்டுக்கும் சுவருக்கும் நடுவில், ரப்பர் பேண்ட் போட்டுச் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி.

"இத யாரும்மா இங்க வச்சது? விடுதி கட்டுற எடத்துலேர்ந்து மேனேஜர் யாராச்சும் வந்தாரா? கண்ணாடி போட்டவரு?"

"மேனேஜரா? அப்படி யாரும் வரலையே. இது சத்யா அக்கா வச்சதுங்க."

சௌகத் அவள் பக்கம் திரும்பினான். "எந்தச் சத்யா அக்கா?"

"இன்ஜினியரு அக்கா. ஸ்கூட்டில தெனம் இந்த வழியாத்தான் போவாங்க. முட்டை வாங்குவாங்க. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்து, 'தீபா, இது சூடு பாக்குற கருவி, ரெண்டு வாரத்துக்கு இங்க இருக்கட்டும்'னாங்க. காலைல வந்து வாசல்ல நின்னு போன்ல பாத்துட்டுப் போவாங்க. அப்புறம் ஆளையே காணோம். ஏங்க, அக்காவுக்கு ஒடம்பு சரியில்லையா?"

அன்புக்கரசி அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ வழக்குகளில் அவள் முகத்தைப் பார்த்திருக்கிறான் சௌகத். இப்படிப் பார்த்ததில்லை. கம்பெனியின் பொய்யைத் தேடி வந்தார்கள். கிடைத்தது, யாரைக் காப்பாற்ற வந்தார்களோ அவளுடைய பொய்.

"அக்கா" என்றான் தணிந்த குரலில். "இத நாம பாக்கலன்னு வச்சுக்கலாமா?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். என்ன சொல்லியிருப்பாளோ, அவனுக்கு இன்றுவரை தெரியாது. வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பின்னால் போலீஸ் ஜீப்.

காரிலிருந்து இறங்கினார் அருள்நாதன்.

"கண்டுபிடிச்சிட்டீங்க மேடம்! இந்த ஒரு மாசமா நாங்க எங்கெங்கயோ தேடிப் பாத்துட்டோம். அந்தம்மா வாயே தொறக்கல. எங்களுக்கு எடமும் தெரியல."

"நாங்க இங்க இருக்குறது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அன்புக்கரசி.

அருள்நாதன் சௌகத்தின் கையில் இருந்த போனைப் பார்த்துத் தலையசைத்தார். "கருவி ஆப்புல மாட்டுன ஒடனே எந்த எடம்னு எங்களுக்குத் தகவல் வந்துரும். அந்தம்மா தன் போன்ல எடம் காட்டுற அனுமதியக் குடுக்கவே இல்ல. சார்தான் எல்லாத்துக்கும் சம்மதம் குடுத்தாரே."

சௌகத்தின் கை தானாகத் தாழ்ந்தது. செல்போன் கடையில் பத்து வருடம் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் 'படிக்காமத் தட்டாதீங்க' என்று சொன்னவன் அவன்.

சப் இன்ஸ்பெக்டர் கருவியை எடுத்துக் காகித உறையில் போட்டு அரக்கு வைத்தார். தீபாவிடம் கையெழுத்து வாங்கினார். என்ன நடந்தது என்று அவர் சொல்லச் சொல்ல அவள் பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்தாள். "ஆளு செத்துருச்சா? இந்தப் பொட்டியாலயா? நான் தெனமும் இதத் தொடச்சு வச்சேனே" என்று மறுபடி மறுபடி சொன்னாள்.

"எங்க மேல இருந்த பேச்சு இதோட போச்சு" என்றார் அருள்நாதன் போகும்போது. "கருவியும் சரி, ஆப்பும் சரி. மனுசன் செஞ்ச மோசடி. முதலாளிக்கு ரொம்ப நிம்மதியா இருக்கும்."

*

அங்கிருந்து நேராக மதியழகன் வீட்டுக்குப் போனார்கள். ஆர்.எம். காலனியில் அது கடைசித் தெரு. மதிய வெயில். கதவைத் திறந்த மதியழகன், "கெடச்சுதா?" என்றான் முகமெல்லாம் ஆவலாக.

அன்புக்கரசி சுற்றி வளைக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது உள்ளறையிலிருந்து சத்யபிரியா வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெலிந்த பெண். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"எங்க போன்தான்மா உங்களக் காட்டிக் குடுத்துருச்சு" என்றான் சௌகத். "நான் பாக்காமத் தட்டிட்டேன்."

"அது அப்படித்தான் செய்யும்ணே. சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு."

வெளியே வந்த நாளிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். மதியழகன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான்.

பிறகு அவள் தானாகவே சொன்னாள். சனிக்கிழமை கான்கிரீட் போடும்போதே கலவையைக் குலுக்கி இறுக்கும் வைப்ரேட்டர் பட்டுக் கருவி செத்துப்போனது. சாயங்காலம் பார்த்தால் திரையில் சிவப்பு. கான்கிரீட் இறுகிவிட்டது, புதுக் கருவியை உள்ளே வைக்க வழியில்லை. அருள்நாதனுக்குப் போன் போட்டாள்.

"திங்கக்கெழம முதலாளி பதினொரு கட்டடத்துக்கும் இத வாங்குறதுக்கு முடிவெடுக்கப் போறாரு, இந்த நேரத்துல செவப்பு காட்டினா மொத்தத்தையும் தூக்கிக் கடாசிருவாரு, எப்படியாச்சும் பச்சையாக்குன்னு சொன்னாரு. வெறும் பேச்சு. எழுத்துல எதுவும் இல்ல."

"அதுக்காக...?" என்றாள் அன்புக்கரசி.

"ரெண்டு வருசம் எல்லாரும் சிரிச்சாங்க மேடம். பொம்பள வந்து கான்கிரீட்டுக்குக் காய்ச்சல் பாக்குதுன்னு. அப்பத்தான் நம்ப ஆரம்பிச்சிருந்தாங்க." அவள் நிலையைவிட்டு நகரவில்லை. "மாத்துக் கருவிய ரூம்ல வச்சா சூடு பத்தாது, ஆப் கண்டுபிடிச்சிரும். அதான் தீபாகிட்ட வச்சேன். திரைக்குத்தான் பச்சை, முட்டு பதினாலு நாளும் அப்படியே நிக்கட்டும்னு நெனச்சேன். மூக்கையாகிட்டயும் சொல்லிட்டேன், நான் சொல்லாமக் கை வைக்காதீங்கன்னு. எழுபத்தஞ்சத் தாண்டினாலும் பிரிக்கச் சொல்லி உத்தரவு நான் பட்டன அமுக்கினாத்தான் போகும். அந்த நம்பிக்கை."

"அப்புறம்?"

"புதன்கெழம அந்தப் பட்டன எடுத்துட்டாங்க. இன்ஜினியர் பாத்து அமுக்குறதுக்குள்ள ஒன்பது மணி நேரம் வீணாகுதாம். இனிமே நேரா மேஸ்திரி போனுக்கும் ஆளுங்க போனுக்கும் போயிரும்னு மெயில் வந்துருக்கு. அன்னைக்கு வந்த நாப்பது மெயில்ல அதுவும் ஒண்ணு. நான் பாக்கல. வெள்ளிக்கெழம காலைல ஹேச்சரி வாசல்ல நின்னு போன்ல நம்பர வாங்கினேன். அங்கிருந்தே உத்தரவு போயிருச்சு. எனக்குத் தெரியாது. நாந்தான் அமுக்கினேன்னு மூக்கையா நெனச்சிருப்பாரு. சைட்டுக்குப் போயி, கீழ ரூம்ல உக்காந்து, வீடியோவுல முதலாளிக்கு அந்தக் கோட்டத்தான் வெளக்கிக்கிட்டு இருந்தேன். மேல சத்தம் கேட்டுச்சு."

மதியழகன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாம்ல சத்யா?"

"நீங்க நூத்தி நாப்பது பக்கம் பிரிண்ட் எடுத்துக்கிட்டு இருந்தீங்க."

அன்புக்கரசி ஒரு வழி தேடினாள். "அந்தப் பட்டன எடுக்கச் சொன்னது யாரு? அதுக்கு எங்கயாச்சும் பதிவு இருக்கும். அதக் கோர்ட் மூலமாக் கேட்டு வாங்கலாம்."

"இருக்கும். ஆனா அந்த யோசனை யார் குடுத்ததுன்னும் அதுலயே இருக்கும். போன வருசம் நான் எழுதிக்குடுத்த அறிக்கையில கடைசிப் பக்கம். பின்னால தானியங்கியா மாத்திக்கலாம்னு நாந்தான் எழுதிருக்கேன்."

அன்புக்கரசியின் தோள்கள் தளர்ந்ததைச் சௌகத் பார்த்தான். வந்த வழியெல்லாம் அடைத்துக்கொண்டது. கதவுக்குக் கதவு பூட்டியதில் பாதி சத்யபிரியா தன் கையாலேயே பூட்டியது.

சத்யபிரியா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

"எங்க போற?" என்று எழுந்தான் மதியழகன்.

"சாயங்காலத்துக்குள்ள டிவியில வந்துரும். அதுக்கு முந்தி நான் போயி வீரன் சம்சாரத்தப் பாக்கணும். அண்ணே, வண்டியில கூட்டிட்டுப் போறீங்களா?"

*

வடமதுரை தாண்டி, சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு காலனி. வீரனின் மனைவி பேச்சாயி வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயத்துக்கு வால் கிள்ளிக்கொண்டிருந்தாள். மண்டிக்காரர்கள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போடும் கூலி வேலை. சத்யபிரியாவைப் பார்த்ததும் கை நின்றது. எழுந்திருக்கவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை.

சத்யபிரியா எதிரே தரையில் உட்கார்ந்தாள். கருவியைப் பற்றி, ஆப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "தளம் காயல. காஞ்சிருச்சு, பிரிக்கலாம்னு போன்ல செய்தி வந்துச்சு. அது பொய்ச் செய்தி. அந்தப் பொய் நான் செஞ்சது" என்று மட்டும் சொன்னாள்.

சௌகத் அடி விழப்போகும் பிள்ளையைப்போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். பேச்சாயி கத்தவில்லை. கையிலிருந்த வெங்காயத்தின் வாலைக் கிள்ளிப் போட்டுவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப எங்க வீட்டுக்காரரு முட்ட மாத்திப் புடுங்கல?"

"இல்ல."

"அவசரப்படல?"

"இல்ல. அவருக்கு உத்தரவு வந்துச்சு. செஞ்சாரு."

பேச்சாயி முந்தானையால் கையைத் துடைத்தாள். தெருவுக்கு எதிரே, பச்சைக் கதவு போட்ட இரண்டு வீடுகளைக் காட்டினாள்.

"காலு போன ரெண்டு பேரும் அந்த வீடுகதான். மேஸ்திரி வந்து சொன்னாரு, வீரனாலதான் போச்சுன்னு. அன்னையிலேர்ந்து எங்கூடப் பேச மாட்டாக. கொழாயடியில எங்கொடத்தத் தள்ளி வச்சுட்டுப் பிடிப்பாக. எம் மகளுகளப் பாத்தா துப்புவாக." குரல் உடையவில்லை. அது உடைந்து ஒரு மாதம் ஆகிவிட்டது என்று தோன்றியது சௌகத்துக்கு. "இப்பச் சொன்னத எழுதிக் குடு தாயி. எனக்குப் படிக்கத் தெரியாது. அவுக வீட்டுல படிக்கிற புள்ளைக இருக்கு."

"சத்யா" என்றாள் அன்புக்கரசி, முதன்முறையாகப் பெயர் சொல்லி. "இப்ப அவங்க கையில கருவி மட்டுந்தான் இருக்கு. ஆனா ஒங்கையெழுத்துல இது போச்சுன்னா, அதுக்கப்புறம் எந்த வக்கீலாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும் மேடம்."

எழுதத் தாள் இல்லை. வண்டிப் பெட்டியில் கிடந்த ஒரு நோட்டிலிருந்து சௌகத் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தான். பேனாவையும் கொடுத்தான். கொடுக்கும்போது எப்போதும் நாக்கு நுனிக்கு வந்துவிடும் ஒரு நக்கல் வார்த்தையாவது வருமா என்று அவனே காத்திருந்தான்.

அவள் முழங்காலில் வைத்து எழுதினாள். அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒன்பது வரி. கீழே பெயர், படிப்பு, தேதி. பேச்சாயி அதை வாங்கி, எழுத்து எந்தப் பக்கம் மேலே என்று சௌகத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். நான் வாசித்துக் காட்டவா என்றான் அவன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் தெருவைக் கடந்து போனாள். முதல் பச்சைக் கதவைத் தட்டினாள். உள்ளே வானொலிச் சத்தம் நின்றது. ஜன்னலில் யாரோ வந்து பார்த்துவிட்டு விலகினார்கள். கதவு திறக்கவில்லை.

பேச்சாயி மறுபடியும் தட்டினாள்.